கார் ஓட்டப் பழகுகிறீர்களா? இடது காலில் தொடங்குங்கள்

பயிற்சிப் பள்ளிக்குப் பதினைந்து நாள் போய் வந்தேன். ரிங் ரோட்டில் நாலாவது கியர் வரை ஓட்டினேன். "நல்லா ஓட்டுறீங்கக்கா" என்று சொல்லி அனுப்பினார்கள். பதினாறாம் நாள் எங்கள் வீட்டு வண்டியை வாசலில் இருந்து எடுத்தபோது ஏழு முறை ஆஃப் ஆனது. எட்டாவது முறை குதித்துப் போய்ப் பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தின் ஒரு மூலையைப் பெயர்த்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பள்ளி வண்டியில் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பதினைந்து நாளும் கிளட்சை மிதித்தவர் அவர். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு வயது 41. மதுரையில் இருக்கிறேன். இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய வேலை எனக்கு ஒன்பது மாதம் இழுத்தது. அந்த ஏழு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். இது கியர் வண்டி பழகுபவர்களுக்கானது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 5, 6, 9 ஆகிய படிகளைத் தாண்டிவிடுங்கள்.

1. முதலில் காகிதங்களைச் சரிபாருங்கள்

முகவரிக்கு ஒரு சான்று, வயதுக்கு ஒரு சான்று. ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போன்றவை இதற்குப் போதும். உடல்நிலை பற்றி நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி படிவம் 1. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது போதாது; பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடும் படிவம் 1ஏ வேண்டும். இது தெரியாமல் முதல் தடவை விண்ணப்பம் திரும்பி வந்தது.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், வாக்காளர் அட்டையில் ஒன்றுமே இல்லை என்று இருந்தால் எங்காவது ஒரு இடத்தில் கேள்வி வரும். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன் ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். அப்படியே ஆதாரோடு இணைந்திருக்கும் கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும்.

2. எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்): அவசரப்பட்டு எடுக்காதீர்கள்

பரிவாகன் இணையதளத்தில் சாரதி என்ற பகுதியில் விண்ணப்பிக்கலாம். கார் ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மத்திய அரசு விதிப்படி பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50. இதன் மேல் மாநிலத்தின் சேவைக் கட்டணம் சேரும். ஸ்கூட்டருக்கும் லைசென்ஸ் இல்லாதவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் தனிக் கட்டணம்தான், ஆனாலும் ஒரே அலைச்சலில் முடியும். பிறகு தனியாகச் சேர்ப்பதென்றால் அதற்கே 500 ரூபாய்.

தேர்வு கணினியில். சாலைக் குறியீடுகளும் அடிப்படை விதிகளும் கேட்பார்கள். தமிழிலேயே எழுதலாம், 60 சதவீதம் எடுத்தால் போதும். இரண்டு மாலை உட்கார்ந்து படித்தால் வந்துவிடும்.

பொறி இருப்பது தேதியில். எல்.எல்.ஆர் கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். 6 மாதம் ஆனால் எல்.எல்.ஆர் செல்லாது. துளசி மாடத்து விவகாரத்துக்குப் பிறகு நான் பயந்துபோய் வண்டியைத் தொடவே இல்லை. மகளுக்குப் பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று நாள் ஓடிவிட்டது. பார்த்தால் 6 மாதம் முடிந்து நாலு நாள். மறுபடி கட்டணம், மறுபடி தேர்வு, மறுபடி 30 நாள் காத்திருப்பு. அடுத்த இரண்டு மாதம் காலை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும் என்று தெரிந்த பிறகே விண்ணப்பியுங்கள்.

எல்.எல்.ஆர் கையில் இருந்தாலும் தனியாக ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் போர்டு வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எல்.எல்.ஆரும் இல்லாமல் பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம்.

3. பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் நான் ஓட்டுவேன்? இதுதான் முதல் கேள்வி. "அரை மணி நேர வகுப்பு" என்பார்கள். வண்டியில் இன்னும் இரண்டு பேர் இருந்தால் உங்கள் கையில் ஸ்டியரிங் இருப்பது பத்து நிமிடம். நான் எல்.எல்.ஆர் முதல் லைசென்ஸ் வரை எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் கட்டினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் நிஜமாக ஓட்டியது மொத்தம் நாலு மணி நேரம் கூட இருக்காது.

இரண்டாவது கேள்வி: கடைசி மூன்று வகுப்பாவது நீங்கள் உங்கள் பெடலில் காலை வைக்காமல் இருப்பீர்களா? கேட்டால் சிரிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். வகுப்பு நடக்கும்போது ஓரக்கண்ணால் அவர் காலையும் பாருங்கள்.

மூன்றாவது, கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்பதை எழுதி வாங்குங்கள். அரசுக் கட்டணம் அதில் சேர்ந்ததா? தேர்வில் தோற்றால் மறுபடி வண்டி தருவதற்குத் தனிக் காசா? "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்பது பதில் ஆகாது.

4. எஞ்சினை ஆன் செய்யாமல் அரை மணி நேரம்

சீட்டில் உட்கார்ந்து கிளட்சைத் தரை வரை மிதியுங்கள். அப்போதும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் முழுக்க நீண்டால் சீட்டை முன்னால் இழுங்கள். சாய்ந்தபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் பட வேண்டும். அப்புறம் கண்ணாடிகள்.

இடது கால் கிளட்சுக்கு மட்டும். வலது கால் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும். வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றிக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியை மட்டும் திருப்பி ஆக்ஸிலேட்டரைத் தொடுங்கள். பதறும்போது கால் தானாகப் பிரேக்கில் விழ வேண்டும், அதற்குத்தான் இது.

ரப்பர் செருப்பு வேண்டாம், பெடலுக்கு அடியில் மடங்கும். பின்வார் உள்ள செருப்பு அல்லது ஷூ. துப்பட்டாவையும் முந்தானையையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைக் காலடியில் போடாதீர்கள். அது உருண்டு பிரேக்குக்கு அடியில் போனால் நீங்கள் மிதித்தாலும் பிரேக் இறங்காது.

5. கிளட்ச்: முழுப் பாடமும் இதில்தான்

இரண்டாம் சுற்றில் எனக்குக் கற்றுக்கொடுத்தவன் சித்தி மகன். வேன் ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஊருக்கு வெளியே ஒரு பொட்டலுக்குக் கூட்டிப் போனான். போனதும் அவன் சொன்ன முதல் வாக்கியம்: "இன்னிக்கு ஆக்ஸிலேட்டர்ல காலே வைக்கக் கூடாதுக்கா."

கிளட்ச் என்றால் என்ன என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை. "மிதிங்க, மெதுவா விடுங்க" என்பது மட்டும்தான். அவன் சொன்னது இது. உள்ளே இரண்டு தட்டுகள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, கியர் போட்டிருக்கும்போது சக்கரத்தோடு இணைந்தது. வண்டி நின்றால் அதுவும் நிற்கும். பெடலை மிதித்தால் தட்டுகள் பிரியும், விட்டால் ஒட்டும்.

சுற்றும் தட்டோடு சும்மா நிற்கும் தட்டைப் பட்டென்று ஒட்டவைத்தால் என்ன ஆகும்? "ஓடுற டவுன் பஸ்ல நின்ன இடத்துல இருந்தே கம்பியப் புடிச்சா என்னாகும்? தோள் கழண்டுரும்ல. கூடவே நாலு எட்டு ஓடிட்டு அப்புறம்தானே ஏறுவாங்க. அந்த நாலு எட்டுதான்கா ஹாஃப் கிளட்ச்."

இரண்டு தட்டும் பாதி ஒட்டி, பாதி வழுக்கி, மெல்ல மெல்ல ஒரே வேகத்துக்கு வரும் அந்த இடம்தான் ஹாஃப் கிளட்ச். அது ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கும். பள்ளி வண்டியில் பழகிய கால் சொந்த வண்டியில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சமதளம், சுற்றிலும் காலி இடம். கிளட்சை முழுக்க மிதித்து எஞ்சினை ஆன் செய்து ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். வலது கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்கட்டும், அழுத்த வேண்டாம். இப்போது கிளட்சை ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் அளவுக்கு விடுங்கள். இன்னொரு நாணயம். இன்னொன்று. ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகக் கம்மும். உள்ளங்காலில் ஒரு நடுக்கம் தெரியும். பானெட்டின் மூக்கு கொஞ்சம் எழும்பும். அங்கே காலை நிறுத்துங்கள். நிறுத்தி மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். ஆக்ஸிலேட்டரே இல்லாமல் வண்டி தானாக நகரும். நகர ஆரம்பித்ததும் "ஆச்சு" என்று காலைப் படக்கென்று எடுத்துவிடாதீர்கள். என் ஏழு ஆஃபும் அந்த இடத்தில்தான் நடந்தன. வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்த பிறகு மீதியை மெல்ல விடுங்கள்.

பிறகு கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்துங்கள். மறுபடி முதலில் இருந்து. அன்று காலை நாற்பது முறை செய்யவைத்தான். இருபதாவது முறைக்குள் கால் அந்த இடத்தைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. மறுநாள் தொடையில் வலி, படியிறங்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வண்டி ஆஃப் ஆனது விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

ஒரு எச்சரிக்கை. ஹாஃப் கிளட்ச் கடந்து போக வேண்டிய இடம், தங்கும் இடம் அல்ல. சிக்னலில் நிற்கும்போதும், ஓட்டும்போது ஓய்வுக்காகவும் கிளட்ச் மேல் காலை வைத்திருந்தால் தட்டு தேயும். பாத்திரம் கருகியது போல வாடை வந்தால் அதுதான். கிளட்ச் மாற்றப் பல ஆயிரம் ஆகும், மெக்கானிக் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார் வேறு.

6. கியர், பிரேக்

தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கிளப்பும்போது இரண்டு கையாலும் முக்கித் தள்ள வேண்டும், உருள ஆரம்பித்தால் ஒரு விரல் போதும். ஃபர்ஸ்ட் கியரில் பலம் உண்டு, வேகம் இல்லை. அஞ்சாவதில் வேகம் உண்டு, பலம் இல்லை. எஞ்சின் கத்தினால் கியரை ஏற்றுங்கள், வண்டி உதறித் திணறினால் இறக்குங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எந்தக் கியர் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, காது சொல்லிவிடும். கியரைப் பார்க்காமல் மாற்றப் பழகுங்கள். நிற்கும் வண்டியில் இருபது முறை செய்தால் வந்துவிடும்.

வேகம் குறைக்க முதலில் பிரேக். வண்டி கிட்டத்தட்ட நிற்கும் நேரத்தில் கிளட்ச். புதியவர்கள் பதறினால் முதலில் கிளட்சை மிதித்துவிடுவார்கள். எஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி இன்னும் இலகுவாக ஓடும். திடீரென்று குறுக்கே மாடு வந்தால் மட்டும் யோசிக்காதீர்கள், இரண்டையும் சேர்த்து மிதியுங்கள்.

7. இடது பக்கம் எங்கே முடிகிறது?

நாம் உட்காருவது வலது பக்கம். இடது சக்கரம் எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. "ஜட்ஜ்மென்ட் போகப்போக வரும்" என்பார்கள். போகப்போக வருவதற்குள் நாலு பைக்கை உரசியிருப்போம். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு.

சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் இடது சக்கரங்கள் சரியாக நிற்கும்படி யாரையாவது வெளியே நின்று சொல்லவைத்து வண்டியை நிறுத்துங்கள். காலி மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டும் செய்யலாம். சீட்டில் நேராக உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். முன்கண்ணாடியின் அடி விளிம்பை அது ஓரிடத்தில் தொடுவது போலத் தெரியும். பெரும்பாலும் நாம் நினைப்பதை விட நடுவுக்கு வந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுங்கள். இனி அந்தப் பொட்டு சாலையில் எதைத் தொடுகிறதோ அதன் மேல்தான் உங்கள் இடது சக்கரம் போகும். சீட்டின் உயரத்தை மாற்றினால் பொட்டையும் மாற்ற வேண்டும்.

பழகும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை நேரம் சாலை காலியாக இருக்கும் என்று நம்பி நான் தெப்பக்குளம் பக்கம் போய்விட்டேன். மதுரையில் பாதிப் பேர் அங்கேதான் நடக்கிறார்கள். கோரிப்பாளையம் போன்ற நெரிசலான சிக்னலை எல்லாம் இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. ரிவர்ஸும் எச்சும்

பின்னால் போகும்போது ஒரே விதி: ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறீர்களோ அந்தப் பக்கம் வண்டியின் பின்புறம் போகும். அதே நேரம் முன்பக்கம் எதிர்த்திசையில் வீசும். இதை மறந்தால் பின்னால் பத்திரமாகப் போய் முன்னால் இடிப்பீர்கள். வேகம் முழுக்க ஹாஃப் கிளட்சில், ஆக்ஸிலேட்டர் தேவையில்லை.

ஓட்டுநர் தேர்வுக்குச் சில வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் ஆங்கில எச் எழுத்து வடிவத்தில் கம்பம் நட்டு, முன்னும் பின்னும் எடுக்கச் சொல்வார்கள். சில இடங்களில் சாலையில் ஓட்டச் சொல்வதோடு சரி. உங்கள் அலுவலகத்தில் எது என்று முன்கூட்டியே விசாரியுங்கள். எச் இருந்தால், வண்டியின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு விட்டு, பழைய பெயிண்ட் டப்பாவில் குச்சி நட்டுப் பழகலாம். நான் முதல் முறை தோற்றது இதில்தான். வலது கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன், இடது பக்கக் கம்பம் சாய்ந்தது. இரண்டு கண்ணாடி, பிறகு தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே ஒரு பார்வை. இந்த மூன்றும் மாறி மாறி நடக்க வேண்டும்.

9. மேட்டில் நின்று கிளம்புவது

பாலத்தில் ஏறும்போது நெரிசலில் நின்றுவிட்டால் பின்னால் நிற்கும் ஆட்டோ மீது வண்டி உருண்டுவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். ஃபர்ஸ்ட் கியர். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சை ஹாஃப் வரை விடுங்கள். மூக்கு எழும்புகிறதா? அப்படியென்றால் வண்டி இழுத்துப் பிடித்துவிட்டது. இப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள், முன்னால்தான் போகும். ஐந்தாம் படி சரியாக வந்திருந்தால் இது பத்து நிமிட வேலை.

10. தேர்வு நாள்

தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200 ரூபாய். இதனுடன் கார்டு, சேவைக் கட்டணங்கள் சேரும். நாளும் நேரமும் இணையத்திலேயே பதிவு செய்ய வேண்டும். எல்.எல்.ஆர் கிடைத்த 31ஆம் நாளே போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், இடம் கிடைக்க வேண்டும்.

அசல் ஆவணங்களை எடுத்துப் போங்கள். சொந்த வண்டியில் போனால் அதன் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். பள்ளி வண்டி என்றால் முந்தைய நாள் அரை மணி நேரமாவது அதே வண்டியை ஓட்டிப் பாருங்கள். ஹாஃப் கிளட்ச் வேறு உயரத்தில் இருக்கும் என்று சொன்னேனே.

பிரேக் இன்ஸ்பெக்டர் (தேர்வு நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளர்) பக்கத்தில் உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். சீட், கண்ணாடி, சீட் பெல்ட், நியூட்ரல், பிறகு சாவி. கிளம்புவதற்கு முன் இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை. வண்டி ஒருமுறை ஆஃப் ஆனால் பதற வேண்டாம், நியூட்ரல் போட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். நான் பார்த்தவரை ஆஃப் ஆனதற்காக யாரையும் இறக்கிவிடவில்லை. கண்ணாடி பார்க்காமல் திரும்பியதற்காக இருவரை இறக்கினார்கள்.

தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம், தேர்வுக் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆரின் 6 மாதம் நடுவில் முடிகிறதா என்று அப்போதே பாருங்கள்.

11. கார்டு வரும் வரை

தமிழ்நாட்டில் 2024 முதல் லைசென்ஸ் விரைவுத் தபாலில்தான் வருகிறது. வீட்டில் பகலில் யாரும் இல்லாதவர்கள் தபால்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கதவு எண்ணில் பழையது புதியது குழப்பம் இருந்தால் விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதுங்கள். எனக்குப் புது எண் மட்டும் போட்டதில் கார்டு இரண்டு தெரு சுற்றி வந்தது. கார்டு வருவதற்குள் டிஜிலாக்கரில் இறக்கிக்கொண்டால் அதையே காட்டலாம்.

முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வயது வரை செல்லும். முப்பதில் இருந்து ஐம்பதுக்குள் என்றால் பத்து ஆண்டு. முடியும் தேதியைக் கைபேசியில் இன்றே குறித்துவிடுங்கள்.

லைசென்ஸ் வந்த பிறகும் ஒரு மாதம் எல் போர்டை எடுக்காதீர்கள். சட்டப்படி தேவையில்லை, ஆனால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பது பாதியாகக் குறைகிறது. முதல் முறை தனியாகப் போக ஞாயிறு காலை ஆறு மணி நல்லது. நான் பக்கத்துத் தெருவுக்குப் போய் ஐந்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை வாங்கி வந்தேன். திரும்பி வந்து நிறுத்தும்போது பொட்டு துளசி மாடத்துக்கு வலப்பக்கமாக ஒரு முழம் தள்ளித் தெரிந்தது.